தாமுவேயில் தாவிய துரை

மரணச் செய்தி வந்தால் மனிதன் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சம் ஒரு ‘ஐயோ’வாவது சொல்ல வேண்டும். நான் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டேன். அதுவும் லாயத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க.

சென்ற திங்கட்கிழமை காலை, லாயத்துக் கணக்குப்பிள்ளையான நான் குதிரைகளுக்குக் கொள்ளு அளந்து கொண்டிருந்தேன். எங்கள் லாயத்தில் குதிரை தேய்க்கும் கோ தெய்ன், லௌஞ்ஜியைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“ஸயா, துரை விழுந்துட்டாரு.”

“விழட்டும், விழட்டும். பந்தைப் பிடிச்சாரா இல்லியா, அதைச் சொல்லு” என்றேன், படியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யாரும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கோ தெய்ன் லாயத்துக் கோடியைக் கையால் காட்டினான். பந்தும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஒரு முரட்டுக் குதிரைக்குச் சேணம் மாட்டிவிட்டு, அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடியே சாய்ந்தவர், சாய்ந்தவர்தான். கையிலிருந்த படியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அதோடேயே ஓடினேன்.

அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன். ராபர்ட் கிரிம்லி துரையைத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். அவர் விழுவது நமக்குப் புதுசா என்ன? ரங்கூனில் எங்கள் தாமுவேக் கடைத்தெருவில் கிரிம்லி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தாவுத் துரை என்றால் வெற்றிலைக்காரிகூட எழுந்து வந்து வழி காட்டுவாள்.

இதைப் படிக்கிற நம்மவர் சிலருக்கு அவர் குதிரைக்காரத் துரை என்பது மட்டும் தெரியும். ஆஸ்திரேலியாவிலிருந்து ரங்கூன் பந்தயத்துக்குக் குதிரைகள் கப்பலில் வருமே, அப்படி ஒரு கப்பலில் குதிரைகளோடு வந்தவர். குதிரைகளை இறக்கினார், கப்பல் திரும்பிப் போனது, அவர் போகவில்லை. எங்கள் லாயத்திலேயே குதிரை பழக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மற்றத் துரைமார் வெள்ளைக் கால்சட்டையோடு டென்னிஸ் ஆடப் போகும் நேரத்தில் இவர் எங்களோடு மொஹிங்காக் கடைப் பலகையில் உட்கார்ந்து மீன்குழம்பை உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

அவர் பந்தை நான் முதன்முதல் பார்த்த நாளைச் சொல்லியே ஆகவேண்டும். லாயத்து மூலையில் தோல் பந்து ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பப்பாளிப் பழம் மாதிரி நீளமாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனிதரை எவனோ ஏமாற்றியிருக்கிறானே என்று நேரே அவரிடம் கொண்டு போனேன்.

“துரை, இதைக் கடைக்காரன்கிட்டே திருப்பிக் குடுத்துடுங்க. உருண்டையா இல்லே. வேணும்னா நானே வர்றேன், நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கிறேன்.”

அவர் பந்தை வாங்கிப் பார்த்தார். என்னையும் மேலும் கீழும் பார்த்தார். குறிப்பாக என் தொந்தியை.

“பந்து சரி இருக்கு பிள்ளை. நீதான் உருண்டை” என்றார்.

லாயத்துத் தமிழ் அது. குதிரைக்காரர்களிடம் கற்றதால் எல்லாரையும் ‘நீ’ என்பார், முதலாளி உட்பட. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் குதிரைகள் துரை சொன்னால்தான் கேட்டன, அதனால் முதலாளியும் கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவர் தம் ஊர் ஆட்டத்தை எங்களுக்குக் காட்டினார். காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். உதைபட்டு வரும் பந்தை ஆகாயத்திலேயே பிடித்துவிட்டால் ஆட்டம் அப்படியே நிற்கும். பிடித்தவனை ஒருவரும் தொடக்கூடாது. அவன் மாப்பிள்ளை மாதிரி பின்னால் நடந்துபோய், குறிபார்த்து உதைக்கலாம். பிடிப்பதற்காக முன்னால் நிற்பவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறினாலும் குற்றமில்லை. மைதானமே முட்டை வடிவம். இரண்டு கோடியிலும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையே பந்து போனால் ஆறு. குறி தப்பி ஓரக் கம்பத்துக்குள் போனால் ஒன்று.

“தப்பினா எதுக்குத் துரை ஒண்ணு?” என்று கேட்டான் டிராம் ஓட்டும் முனுசாமி.

“எங்க ஊர்லே அப்படித்தான். தப்பினாலும் ஒண்ணு உண்டு” என்றார் துரை. “கிட்டே போனான் இல்லே? சும்மா அனுப்பறதா?”

இந்த விதி என் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் நான் ஏழாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன். கிட்டே கிட்டே போய்த் தப்பியவன் நான். இந்நேரம் ஹைகோர்ட்டில் உட்கார்ந்திருப்பேன்.

பிடித்துவிட்டது எங்களுக்கு. லாயத்துக் குதிரைக்காரர்கள், டிராம்காரர்கள், கோ தெய்னோடு பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டி ஆடும் கூட்டாளிகள் என்று மாலைதோறும் கூட்டம் சேர்ந்தது. குதிரை பழக்கும் ஓடுபாதைக்கு நடுவே இருந்த புல்வெளி தானாகவே முட்டை வடிவத்தில் கிடந்தது. யாரோ முன்கூட்டியே துரைக்காக வெட்டிவைத்த மாதிரி!

இதனால் ஒரு மானக்கேடும் வந்தது. சிரியம் ஆலைக்காரர்களோடு வழக்கமான, உருண்டைப் பந்தாட்டத்துக்குப் படகேறிப் போனோம். அவர்களுடைய கோல்காரன் பந்தைக் கையால் பிடித்தான். உடனே எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சிலையாக நின்று, மரியாதையாகப் பின்னால் நகர்ந்து அவனுக்கு வழிவிட்டார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சற்று நேரத்தில் முனுசாமி எங்கள் கோலுக்கு முன்னாலேயே எம்பிப் பந்தை இரண்டு கையாலும் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு, பெருமையாகப் பின்னால் நடந்தான். ரெப்ரி ஊதினார். அவன் நடந்தான். மறுபடி ஊதினார். “இருங்கய்யா, இன்னும் நாலடி” என்றான். சிரியத்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் எங்களைப் படகேற்ற வந்தபோது அவர்களில் ஒருவன் கேட்டான்: “அது என்ன ஆட்டம்? எங்களுக்கும் காட்டுங்களேன்.”

சரி, விளையாட்டுப் பேச்சு போகட்டும். துரை தம் ஊரில் யார் என்பதை அவரே ஒருநாள் சொன்னார். மழை பிடித்துக்கொண்டதால் கொள்ளுக் கிடங்கில் ஒதுங்கியிருந்தோம். மெல்பர்ன் நகரில் கசாப்புக் கடையில் வேலை பார்த்த பையன், பந்தாட்டத்தில் சேர்ந்தார். ஓட வராது; உதையும் சுமார்தான். ஆனால் தாவுவார்! அவர் தாவுவதைப் பார்க்கவே ஜனங்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்தார்களாம். பேப்பரில் படம் வந்ததாம். அவர் தாவினால் ஒரு பக்கத்து ஜனங்கள் மூச்சை இழுப்பதும், இறங்கினால் மறுபக்கத்தார் மூச்சை விடுவதும் மேலேயிருந்தே கேட்குமாம்.

அப்புறம் ஒரு வருஷம், கோப்பைக்கான கடைசி ஆட்டம். கடைசி நிமிஷம். பந்து நேராக இவர் கைக்கே வந்தது. பக்கத்தில் ஆளில்லை. தாவக்கூட வேண்டியதில்லை.

“விட்டுட்டேன் பிள்ளை” என்றார். கையை விரித்துக் காட்டினார். “இப்படி. வெண்ணெய் மாதிரி.”

திரும்பப் பாய்ந்து எடுக்கப் போனதில் முழங்காலும் முறுக்கிக்கொண்டது. அதோடு ஆட்டம் முடிந்தது. ஆனால் ஊர் முடிக்கவில்லை. டிராமில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்து, “கெட்டியாப் பிடிச்சுக்கோ பாப்” என்பானாம். ராபர்ட்டை அங்கே பாப் என்றுதான் கூப்பிடுவார்கள். சாராயக் கடைக்காரன் கிளாஸை நீட்டி, “கெட்டியா” என்பானாம். கோயிலில் பாதிரியார் ஞானஸ்நானக் குழந்தையை இவர் கையில் கொடுக்கத் தயங்கினாராம். எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். பின்பு, “அதான் குதிரைக் கப்பல்லே ஏறிட்டேன். குதிரைக்கு அது தெரியாது” என்றார். அதற்கு நான் சிரிக்கவில்லை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு ஒரு குதிரைக் கப்பல் வந்தது. அதில் குதிரைக்காரர்களுக்குத் தலைவராக ஒரு சிவப்புத் தாடிக்காரர். மெல்பர்ன்காரர். லாயத்து வாசலில் துரையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கையிலிருந்த குதிரைத் தூரிகையைத் துரையை நோக்கி வீசி, “கெட்டியாப் பிடிச்சுக்கோ பாப்!” என்று கத்தினார். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும்.

துரையும் சிரித்தார். தூரிகை கீழே விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அவர் காது இரண்டும் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து போனதை நான் பார்த்தேன். பிறகு அமைதியாக ஏதோ சொன்னார். சிரிப்பு நின்றது. கை குலுக்கிக்கொண்டார்கள்.

“என்ன சொன்னீங்க துரை?” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை. இங்கே. அவங்க பதினெட்டு, நம்ம பதினெட்டு.”

“நம்ம பதினெட்டா? நம்மகிட்டே எங்கே துரை பதினெட்டு?”

“நீ கணக்குப்பிள்ளை இல்லே? நீ கண்டுபிடி.”

எந்த ஊரில் இருந்து கிளம்பி வந்தாரோ அந்த ஊரே கப்பலேறித் தேடி வந்துவிட்டது. கப்பல் திரும்பிப் போகும்போது அவர் பெயரை எப்படிக் கொண்டு போகும் என்பதுதான் இப்போது கேள்வி. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

ஓடினேன், ஐயா! டிராம் ஷெட்டுக்கு ஓடினேன். கோ தெய்ன் தன் பிரம்புப் பந்துக்காரர்களை இழுத்து வந்தான். சிரியத்துக்குப் படகில் போய், நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களிடமே, “இப்போ வந்து சிரிங்க பார்ப்போம்” என்றேன். நாலு பேர் வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டில் சொன்னபோது என் மகள் காமு சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, நீங்க ஓடுவீங்களா?”

“ஓட வேணாம்னு துரை சொல்லிட்டார். கம்பத்துக்குக் கிட்டே நிக்கணும். அவ்வளவுதான்.”

“அப்போ நீங்க அஞ்சாவது கம்பமா?” என்றாள். அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாமுவேயே திரண்டுவிட்டது. கப்பல்காரர்கள் பூட்ஸும் கால்சட்டையும். நாங்கள் வெறுங்காலும் வரிந்து கட்டிய வேட்டியும் லௌஞ்ஜியும். எங்கள் பக்கம் பூட்ஸ் போட்டவர் துரை ஒருவர்தான். முழங்காலைக் குதிரைக்குக் கட்டும் பட்டியால் சுற்றியிருந்தார்.

ஆரம்பத்தில் அடி என்றால் அடி! ஆறு, மறுபடி ஆறு, இன்னொரு ஆறு. சிவப்புத் தாடி பந்தைக் காளை மாதிரி கொண்டு போனார். எங்கள் ஆட்கள் அவர் மேல் மோதி, மாவு மூட்டை மாதிரி உதிர்ந்தார்கள். பிறகு கோ தெய்ன் ஒரு காரியம் செய்தான். தரையில் விழப்போன பந்தைக் காலின் உட்புறத்தால் தட்டினான். முழங்காலால் தட்டினான். தோளால் தட்டினான். நீளப் பந்து அவன் உடம்பைச் சுற்றிப் பாம்பு மாதிரி நெளிந்தது, கீழே விழவில்லை. பூட்ஸ்காரர்கள் ஆட்டத்தை மறந்து வாய் பிளந்து நின்றார்கள். அந்த நேரத்தில் முனுசாமி உதைத்தான். குறி தப்பி, ஓரக் கம்பத்துக்குள் போனது.

ஒன்று!

எங்கள் பக்கம் எழுந்த கூச்சலில் லாயத்துக் குதிரைகள் கனைத்தன. கப்பல்காரர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் ஊரில் தப்பினால் தலையைத் தொங்கப்போடுவார்களாம். நாங்கள் ஒவ்வொரு தப்புக்கும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். எங்களில் யாருக்கும் நேராக உதைக்க வராது. ஆகவே வெகு தாராளமாகத் தப்பினோம். தப்பித் தப்பியே கிட்டே போனோம். நடுவில் கோ தெய்ன் ஒரு ஆறும், துரை ஒரு ஆறும் போட்டார்கள். சிரியத்தான் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்ததும் ஆறாகிவிட்டது. வெயில் சாயும்போது பலகையில் இரண்டு பக்கமும் சமம்!

லாயத்து மணி அடித்தால் ஆட்டம் முடிந்தது. மணிக்கயிற்றின் மேல் காவலாளி கை வைத்துவிட்டான். அப்போதுதான் முனுசாமி தூரத்திலிருந்து ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து மேலே போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. பிறகு என்னை நோக்கி இறங்கத் தொடங்கியது. நான் ஐந்தாவது கம்பமாக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் சிவப்புத் தாடி கையை உயர்த்திக்கொண்டு வருகிறார்.

நான் பயந்து குனிந்துவிட்டேன் என்று தாமுவே முழுக்கச் சொல்வார்கள். நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். குனிந்தது உண்மை. என் இடது தோளில் ஒரு முழங்கால் பதிந்தது. பூமி என்னை உள்ளே இழுத்தது. தலைக்கு மேலே துரை ஏறினார். சிவப்புத் தாடியின் கைக்கும் மேலே. அங்கேயே சற்று நேரம் நின்றார் என்று காமு இன்றும் சத்தியம் செய்கிறாள். பந்து அவர் இரண்டு கைக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது.

இருவரும் பொத்தென்று விழுந்தோம். என் வாய் நிறையப் புல். மணி அடித்தது. திரும்பிப் பார்த்தேன். பந்து அவர் மார்பில் இருந்தது. விரல்கள் வெளுக்கும்படி பிடித்திருந்தார்.

மணி அடித்ததும் ஜனங்கள், முடிந்தது என்று மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். “போங்க, போங்க! மணிக்கு முன்னே பிடிச்சவர் உதைக்கணும்!” என்று முனுசாமி டிராமுக்கு வழி கேட்பதுபோலக் கத்தித் துரத்தினான். துரை நொண்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மைதானத்தில் இருந்த அத்தனை ஆட்டக்காரர்களும் நகராமல் நின்றார்கள். உதைத்தார். பந்து நடுக் கம்பத்தை விட்டு விலகி, ஓரத்தில் போயிற்று.

“அடச்சே!” என்று தாமுவே மொத்தமும் தலையில் கை வைத்தது.

“ஒண்ணு!” என்று அலறினேன் நான். “ஒண்ணு போதும்டா! ஜெயிச்சுட்டோம்டா!”

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் எழுத முடியாது. என்னை யாரோ தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. துரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிவப்புத் தாடிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றினார். துரையிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “ஊரில் சொல்கிறேன், பாப்.”

துரை அவர் கையைக் குலுக்கினார். அன்று மாலை என் தோளில் குதிரைத் தைலம் தேய்த்துவிட்டவர் அவர்தான். “பர்மாவிலேயே நல்ல ஏணி நீதான் பிள்ளை. பயந்தாலும் நல்ல உயரம்” என்றார். அன்றிலிருந்து எனக்கு ஏணிப்பிள்ளை என்று பெயர். இப்போதும் கடைத்தெருவில் அதுதான்.

அடுத்த கப்பலில் ஒரு புதுக் குதிரைக்காரன் வந்தான். இளவட்டம். துரையை முன்பின் பார்த்திராதவன். லாயத்து வாசலில் நின்று, “ரங்கூனில் ஒரு தடித்த இந்தியன் முதுகில் ஏறிப் பந்தைப் பிடித்தாராமே, அந்தக் கிரிம்லி எங்கே?” என்று கேட்டான். துரை தவறவிட்ட பந்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. மெல்பர்னில் இப்போது அதைத்தான் சொல்கிறார்களாம். நான் சிரியத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. என் முதுகு மெல்பர்ன் வரை போய்விட்டது. துரை அன்று முழுக்க லாயத்தில் பாட்டுப் பாடினார். குதிரைகள் பொறுத்துக்கொண்டன.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. போன செவ்வாய்க்கிழமை அவரை மண்ணில் வைத்தார்கள். பாதிரியார் சுருக்கமாக, குதிரைகளிடம் அன்பானவர் என்றார். அதுவும் சரிதான். பிடிமண் போடும்போது ஒவ்வொருவரும் தம் பாஷையில் ஏதோ சொன்னார்கள். கோ தெய்ன் பர்மியத்தில் நெடுநேரம் சொன்னான். முனுசாமி, “போய் வாங்க துரை” என்றான். என் முறை வந்தபோது எல்லாரும், ஏணிப்பிள்ளை ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான் என்று பார்த்தார்கள். நான் மண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

அவருடையது என்று என்னிடம் பொருள் எதுவும் இல்லை. குளிர்நாளில் இடது தோளில் ஒரு வலி வரும். அது இருக்கிறது. அதைத் தைலம் போட்டுப் போக்கிக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

அன்று குழிக்கருகே நான் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான்: துரை, நான் பயப்படவில்லை. அத்தனை மாதத்தில் ஒரு பந்தையும் பிடிக்காதவன் நான். அந்தப் பந்து மட்டும் நேராக என் கைக்கு வந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கியும் விட்டேன். பின்னால் நொண்டி நொண்டி ஓடிவரும் உங்கள் காலடி கேட்டது. கையை இறக்கி முதுகைக் கொடுத்தேன்.